தர்ம ஆஸ்பத்திரி நோயாளிக்குத் தேசம் பட்டுள்ள கடன்

வைத்திய சாஸ்திரத்தின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்போது, வைத்தியர்களின் மேதையையும், ரஸாயன சாலைகளின் வல்லமையையும், மருந்துக் கம்பெனிகள் செலவிடும் பெருந்தொகைகளையும் புகழ்ந்துரைப்பது எங்கும் வழக்கமாயிருக்கிறது. அப்புகழில் பெரும்பகுதி நியாயமானதே. ஆனால் இன்ன மருந்து பலிக்கும், இன்னது பலியாது என்று உலகம் இன்று அறிந்திருக்கிறதே, அந்த அறிவு எங்கே விளைந்தது? தர்ம ஆஸ்பத்திரியின் பொது வார்டில், இடம் கிடைத்தால் இரும்புக் கட்டிலிலும், கிடைக்காவிட்டால் தரையில் விரித்த பாயிலும் படுத்துக் கிடந்த ஏழை நோயாளியின் உடம்பில் விளைந்தது. அவன் பெயர் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. அவனுக்குப் பட்டமும் பதக்கமும் எவரும் வழங்கவில்லை. அவன் பிழைத்திருந்தால் வீடு திரும்பித் தன் கூலி வேலையைப் பார்த்தான். பிழைக்காவிட்டால் கணக்கில் ஓர் எண்ணாக நின்றான்.

இந்த நோயாளிக்குத் தேசம் பட்டுள்ள கடன் மூன்று என்பது நமது அபிப்பிராயம். அவனைப் பரிசோதனையில் சேர்க்குமுன் அவனிடம் உண்மையைச் சொல்லி அவன் சம்மதத்தைப் பெறுவது முதலாவது. பரிசோதனையின் முடிவை, அது ஆராய்ச்சியாளருக்கு உகந்ததாயினும் உகவாததாயினும், மறைக்காமல் வெளியிடுவது இரண்டாவது. அவன் உடம்பிலிருந்து கிடைத்த அறிவின் பயனை அவனுக்கும் அவனைப் போன்றோர்க்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மூன்றாவது. முதல் கடனைப் பற்றிச் சட்டங்கள் பிறந்திருக்கின்றன. இரண்டாவதைப் பற்றி அரைகுறையான ஏற்பாடுகள் உள்ளன. மூன்றாவதோ பெரும்பாலும் தீர்க்கப்படாமலே கிடக்கிறது. இதை வெறும் உணர்ச்சி வேகத்தில் சொல்லவில்லை. நமது தேசத்து ஆஸ்பத்திரிகளில் நடந்த சில ஆராய்ச்சிகளின் வரலாற்றை வைத்தே சொல்லுகிறோம்.

பரிசோதனை என்றால் என்ன?

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை அகற்றிவிட வேண்டும். “ஏழைகளை எலிகளாக்குகிறார்கள்” என்ற கூக்குரல் மேடைகளில் அடிக்கடி எழுகிறது. சில சமயங்களில் அது நியாயமான கூக்குரலே. ஆயினும் பரிசோதனையே கூடாதென்று வாதிப்பவர்கள், பரிசோதிக்கப்படாத மருந்தை ஏழைக்குக் கொடுப்பதும் ஒரு பரிசோதனைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். வித்தியாசம் என்னவெனில், அதில் கணக்கு வைப்பார் இல்லை. பாடம் கற்பாரும் இல்லை.

நீதி ஸ்தலங்களில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு தரப்புச் சாட்சியை மட்டும் கேட்டு எந்த நீதிபதியும் தீர்ப்பளிக்க மாட்டார். “இந்த மருந்தைக் கொடுத்தேன், நோயாளி பிழைத்தான்” என்பது ஒரு தரப்புச் சாட்சி. மருந்து கொடாமலே அவன் பிழைத்திருப்பானா என்பதே எதிர்த்தரப்புக் கேள்வி. இதற்கு விடை காண, ஒரே தன்மையுள்ள நோயாளிகளை இரு பிரிவாக்கி, யார் எந்தப் பிரிவில் சேருவது என்பதை வைத்தியரின் விருப்பத்திற்கு விடாமல் திருவுளச் சீட்டைப் போன்ற ஒரு முறையால் நிர்ணயித்து, இரு பிரிவினரின் கதியையும் ஒப்பிடுகிறார்கள். வைத்தியரின் விருப்பத்திற்கு விட்டால், அவர் தம்மையறியாமலே தேறக்கூடியவர்களுக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடுவார். பிறகு கிடைக்கும் வெற்றி மருந்தின் வெற்றியா, பொறுக்கியெடுத்ததன் வெற்றியா என்று தெரியாமற் போகும்.

இந்த முறை உலகத்தில் நிலைபெறக் காரணமாயிருந்தது க்ஷயரோகமே. பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1948-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஸ்ட்ரெப்டோமைஸின் பெற்ற 55 நோயாளிகளில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர். அக்காலத்தில் பிரிட்டனில் அம்மருந்து கொஞ்சமே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. ஆகவே, சிலருக்கு மறுக்கப்பட்டது என்று குற்றம் சாட்டுவதற்கில்லை. ஆனால், தாங்கள் ஒரு பரிசோதனையில் இருக்கிறோம் என்பது அந்த நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. அதை இன்று எந்த நாகரிக தேசமும் ஒப்புக்கொள்ளாது. சாஸ்திரம் தன் வழியைக் கண்டுகொண்ட அதே இடத்தில் தர்மம் பின்தங்கி நின்றது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னை கண்ட உண்மை

1956-ம் வருஷத்தில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை ராஜ்ய ஸர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் சேர்ந்து க்ஷயரோக சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் தலைமை வைத்தியராக வந்தார். அன்று தேசத்தில் க்ஷயரோகிகளின் தொகை லக்ஷக் கணக்கில் இருந்தது. அவர்களுக்கு வேண்டிய படுக்கைகளை ஸானடோரியங்களில் ஏற்படுத்த எத்தனை தலைமுறை உழைத்தாலும் முடியாதென்பது தெளிவாயிருந்தது. ஸானடோரியம் இன்றேல் சிகிச்சை இல்லை, நல்ல காற்றும் நல்ல ஆகாரமும் பூரண ஓய்வும் இன்றேல் குணமில்லை என்பது அக்கால வைத்திய வேதம். அந்த வேதம் மெய்யானால் ஏழை இந்தியனுக்கு விதி மரணமே.

நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர் ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஸானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தங்கள் குடிசைகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரு வருஷ காலம் ஒரே மருந்துகள், அதாவது ஐஸோநியஸிடும் பி.ஏ.எஸ்.ஸும், கொடுக்கப்பட்டன. ஸானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உணவு மேலானதாயிருந்தது, ஓய்வு மிகுந்திருந்தது, அவர்கள் எடையும் அதிகம் ஏறிற்று. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கமான இடத்தில் வசித்து, குறைந்த உணவை உண்டு, பலர் வேலைக்கும் போயினர். வருஷ முடிவில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர். ஸானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேர். 1959-ம் வருஷத்தில் இந்த முடிவு வெளியானபோது, பல தேசங்களின் நிபுணர்கள் தாங்கள் அதுகாறும் போதித்து வந்ததை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. நோயாளியை வீட்டில் வைத்தால் குடும்பத்தார்க்கு நோய் பரவிவிடும் என்ற பயத்திற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஐந்து வருஷ காலம் இரு பிரிவினரின் குடும்பங்களையும் தொடர்ந்து கவனித்ததில், வீட்டுப் பிரிவின் குடும்பங்களில் நோய் அதிகம் காணப்படவில்லை. சிகிச்சை தொடங்கு முன்னரே, நோய் கண்டுபிடிக்கப்படாதிருந்த மாதங்களிலேயே, பரவ வேண்டியது பெரும்பாலும் பரவிவிடுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

இந்திய ஸர்க்காரின் தேசீய க்ஷயரோகத் திட்டம் 1962-ம் வருஷத்தில் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டே எழுந்தது. உலகத்திலும் ஸானடோரியங்களின் காலம் மெல்ல முடிவுற்றது. சென்னையின் குடிசைவாசிகள் பெருந்தேசங்களுக்கும் பாடம் புகட்டினார்கள் என்று சொன்னால் அது வெறும் தேசாபிமானப் பெருமையன்று, சரித்திரம்.

ஆனால் இந்தப் பாடத்தை நமது ஆட்சியாளர்கள் எவ்வாறு படித்தார்கள்? “வீட்டிலேயே சிகிச்சை செய்யலாம்” என்ற பாதியைப் படித்தார்கள். அது செலவு குறைந்த பாதி. மருந்து வாரந்தோறும் ஒழுங்காகக் கிடைத்தது, தாதிகள் வீடுதேடிச் சென்று பார்த்தார்கள், மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று முன்னறிவிப்பின்றிச் சோதித்தார்கள் என்ற மறுபாதியை மறந்தார்கள். மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, நோயாளி பாதியில் நிறுத்தினால் அவன் மீதே பழியைப் போடும் வழக்கம் பின்னர் வேரூன்றிற்று. அரைகுறைச் சிகிச்சையே மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்த்தது. ஒரு கண்டுபிடிப்பின் மலிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கவனிப்பை விட்டுவிட்டால், விதையைத் தின்றுவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பவன் கதைதான்.

உப்பும் சர்க்கரையும்

அடுத்தது வாந்திபேதி. காலரா கண்டவனின் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெள்ளமாய் வெளியேறுகின்றன. சாவு வருவது அதனாலேயே. இரத்தக் குழாயில் உப்பு நீரை ஏற்றினால் பிழைப்பான் என்பது முன்னமே தெரியும். ஆனால் அதற்கு ஊசி வேண்டும், சுத்தமான திரவம் வேண்டும், பழகிய கை வேண்டும். கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற வைத்தியர் 186 நோயாளிகளுக்கு வாய்வழியாகவே திரவம் கொடுத்துக் குணப்படுத்தியதை 1953-ம் வருஷத்தில் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் வெளியிட்டார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் எதிர்ப் பிரிவு அதில் இல்லை என்பது நியாயமான குறை. எனினும், அக்குறையை நீக்கும் ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்ய அப்போதே எவரும் முன்வரவில்லை என்பதுதான் வருந்தத் தக்கது. 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய இருவரும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் செய்த சோதனைகளே இதை உறுதிப்படுத்தின. சர்க்கரை கூடவே சென்றால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது என்பதே இதன் ரகசியம்.

1971-ம் வருஷத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லக்ஷக் கணக்கில் வந்து குவிந்தபோது, எல்லையோர ஊராகிய பன்காவில் காலரா தாண்டவமாடிற்று. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் அங்கே சென்றார். நோயாளிகள் தரையில் நெருங்கிக் கிடந்தனர். ஏற்றுவதற்குரிய திரவம் தீர்ந்து வந்தது. சர்க்கரை, உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலங்களாகக் கட்டி, நீரில் கரைத்து, நோயாளியின் தாயும் சகோதரனுமே ஊட்டும்படி அவர் ஏற்பாடு செய்தார். முன்னர் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்து கொண்டிருந்த நிலைமை மாறி, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயினர். சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்க்க அங்கே நேரமில்லை. ஆனால் முன்னரே ஆஸ்பத்திரியில் நிரூபிக்கப்பட்ட ஓர் உண்மையை நெருக்கடியில் துணிந்து கையாண்ட செயல் அது. அன்னார் 2022-ம் வருஷத்தில் காலமானார். பத்மவிபூஷண் விருது அதற்குப் பின்னரே, 2023-ல், அறிவிக்கப்பட்டது. நமது தேசம் தன் மக்களை அடையாளம் காண எடுத்துக்கொள்ளும் காலத்திற்கு இதுவே அளவு.

விருது போகட்டும். மருந்து போய்ச் சேர்ந்ததா? 2019-21 தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளில் இந்தக் கரைசலைப் பெற்றவர்கள் நூற்றுக்கு 61 பேரே. நமது மண்ணிலேயே மெய்ப்பிக்கப்பட்டு அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், சில ரூபாய் விலையுள்ள பொட்டலம் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு எட்டவில்லை. பீஹாரிலும் கர்நாடகத்திலும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட வைத்தியம் செய்வோரிடம் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2024-ல் வெளியாயிற்று. “நோயாளி இதை விரும்ப மாட்டான்” என்று வைத்தியர்கள் தாமாகவே எண்ணிக்கொள்வதுதான், இதை எழுதிக் கொடாமைக்குத் தலையாய காரணம் என்று அது காட்டிற்று. ஏழை ஊசியைத்தான் விரும்புகிறான் என்று அவனைக் கேளாமலே முடிவு செய்துவிடுகிறார்கள்! இதற்கிடையே சர்க்கரை மிகுந்த பானங்களை இந்தக் கரைசலின் பெயரைச் சொல்லியே கடைகளில் விற்று வந்தார்கள். 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில்தான் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அப்பெயரை உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவிட்டனர். சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் பேதி அதிகரிக்கும் என்பது தெரிந்த சங்கதி. தெரிந்தும் இத்தனை வருஷம் பொறுத்திருந்தது யாருடைய நன்மைக்காக?

பலியாதது என்று அறிவதும் பயனே

பலிப்பதைக் கண்டுபிடிப்பது மட்டுமே ஆராய்ச்சியன்று. பலியாததைப் பலியாது என்று நிரூபிப்பதும் அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கொரோனா நோய் பரவிய 2020-ம் வருஷத்தில், குணமானவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த ‘பிளாஸ்மா’வை ஏற்றினால் நோயாளி பிழைப்பான் என்ற நம்பிக்கை தேசமெங்கும் பரவிற்று. மந்திரிகளும் பிரபலஸ்தர்களும் அதைப் பிரசாரம் செய்தார்கள். நமது வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் அதே வருஷத்தில் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளைக் கொண்டு இதைப் பரிசோதித்தது. பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 44 பேருக்கு நோய் கடுமையாயிற்று, அல்லது மரணம் நேர்ந்தது. பெறாத 229 பேரில் 41 பேருக்கு அவ்வாறு நேர்ந்தது. அதாவது நன்மை ஏதும் காணப்படவில்லை. அந்த முடிவு 2020 அக்டோபரில் வெளியாயிற்று. நமது தேசத்தார் நமது ஆஸ்பத்திரிகளில் செய்து உலகத்திற்குக் கொடுத்த நேர்மையான விடை அது.

பிறகு நடந்தது என்ன? 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரண்டாவது அலை மோதியபோது, தகப்பனுக்காக மகனும், புருஷனுக்காக மனைவியும் பிளாஸ்மாவைத் தேடி இரவு பகலாய் அலைந்தனர், நகையை விற்றனர், முன்பின் அறியாதவர்களிடம் கெஞ்சினர். 2021 மே 17-ந் தேதி வாக்கில்தான் சிகிச்சை விதிகளிலிருந்து அது நீக்கப்பட்டது. பலனில்லை என்ற முடிவு தேசத்தின் கையில் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதமும் விதிகளில் பிளாஸ்மாவும் இருந்தது. இதற்கு எந்த ஸமாதானமும் போதாது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலையார் நடத்திய பரிசோதனையில், டெக்ஸாமெதஸோன் என்ற பழைய மலிவான மருந்து, சுவாச யந்திரத்தில் வைக்கப்பட்டவர்களிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று 2020 ஜூன் மாதத்தில் தெரிய வந்தது. ஆனால் அதே அறிக்கை, பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு இதனால் நன்மையில்லை என்றும் காட்டிற்று. நம்மவர்களில் பலர் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டு இரண்டாம் பாதியைக் காதில் வாங்கவில்லை. லேசான காய்ச்சலுக்கும் இம்மருந்தைக் கொடுத்தார்கள். 2021-ல் நீரிழிவு நோயாளிகளைப் பெரிதும் தாக்கிய கறுப்புப் பூஞ்சை நோய்க்கு இத்தகைய அளவற்ற உபயோகமும் ஒரு காரணம் என்று நிபுணர்கள் கூறினர். ஆராய்ச்சியின் முடிவைப் பாதி படிப்பது படிக்காமலிருப்பதைவிட ஆபத்தானது.

சோறும் ஒரு மருந்தே

இனிக் க்ஷயரோகத்திற்கே திரும்புவோம். நல்ல ஆகாரம் இல்லாமலும் மருந்தினால் குணமாகலாம் என்று சென்னை ஆராய்ச்சி காட்டியதல்லவா? அதிலிருந்து ஆகாரமே முக்கியமில்லை என்று பலர் முடிவு கட்டிவிட்டனர். ஆராய்ச்சி அவ்வாறு சொல்லவில்லை. வந்த நோயை மருந்து போக்கும் என்பது ஒன்று. நோயே வராமல் எது தடுக்கும் என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை தேடிச் சென்னையிலுள்ள அதே நிலையத்தின் வாரிசாகிய தேசீய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் சேர்ந்து, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் ஒரு பெரும் பரிசோதனை நடத்தினர். 2,800 நோயாளிகளும், அவர்கள் வீட்டைச் சேர்ந்த 10,345 பேரும் அதில் சேர்ந்தனர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும் சில சத்து மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. 2023-ல் வெளியான முடிவு இது: உணவு பெற்ற வீட்டாரில் க்ஷயம் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது, பிறருக்குப் பரவக்கூடிய வகையோ நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடையே மரணம் மிகக் குறைவாயிருந்தது.

அரிசியும் பருப்பும்! இதை விடப் பெரிய ராஜீய விஷயம் வேறென்ன வேண்டும்? பசி ஒரு நோய்க்குக் காரணம் என்று அரசியல்வாதி சொன்னால் பிரசங்கம் என்று தள்ளலாம். பதினாயிரம் பேர் கொண்ட பரிசோதனை அதைச் சொல்லும்போது தள்ள முடியாது. ஸர்க்கார் 2018 முதல் நோயாளி ஒருவனுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது; 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. இதை நாம் வரவேற்கிறோம். வீட்டாருக்கு உணவு கொடுப்பதோ, 2024-ல் அறிவித்தபடி, ‘நிக்ஷய மித்ரர்கள்’ என்ற கொடையாளிகளின் தயாளத்தைச் சார்ந்ததாகச் செய்யப்பட்டிருக்கிறது. தயாளம் சிறந்த குணமே. ஆனால் நோயைத் தடுக்கும் என்று நிரூபணமான பொருள் தானமாகக் கிடைக்க வேண்டியதா, பாத்தியதையாகக் கிடைக்க வேண்டியதா? அம்மை குத்துவதற்கு எவரேனும் புரவலரைத் தேடினோமா? நியாய விலைக் கடைகள் தேசமெங்கும் இருக்கின்றன. க்ஷயரோகியின் குடும்ப அட்டையில் சிகிச்சைக் காலம் முடியும் வரை கூடுதல் அரிசியும் பருப்பும் பதிவு செய்வது, மனமிருந்தால் ஒரு மாத வேலை.

சம்மதம் என்னும் முதற் கடன்

இனிச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 2012-ம் வருஷத்தில், மருந்துப் பரிசோதனைகளில் நடக்கும் அக்கிரமங்களைக் குறித்து இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற ஸ்தாபனம் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தது. 2005 முதல் 2012 வரை 475 புது மருந்துகளின் பரிசோதனைகளில் 2,644 பேர் இறந்தனர் என்றும், அவற்றில் 80 மரணங்களே பரிசோதனையால் நேர்ந்தவை என்றும் ஸர்க்கார் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. கடும் நோயாளிகளிடையே மரணங்கள் நிகழ்வது இயல்பே. 2,644 மரணங்களையும் மருந்தின் தலையில் கட்டுவது அநீதி. ஆனால் எது பரிசோதனையால் நேர்ந்தது, எது நோயால் நேர்ந்தது என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி உண்டு. பிரதிவாதியே நீதிபதியாய் அமர்ந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வழக்கின் பயனாக 2013-ல் நஷ்டஈட்டு விதிகள் வந்தன. சம்மதம் பெறுவதை ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டுமென்ற கட்டளையும் பிறந்தது; பின்னர் அது எளிய நிலையிலுள்ளோர் சேரும், முற்றிலும் புதிய மருந்துப் பொருள்களின் பரிசோதனைகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2019-ம் வருஷ விதிகளின்படி, பரிசோதனையில் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. பரிசோதனை முடிந்த பின்னும் அம்மருந்தை நோயாளிக்கு இலவசமாகத் தொடர்ந்து கொடுக்க வழியுண்டு. ஆனால் அதற்கு, வேறு மருந்து இல்லையென்று ஏற்பட வேண்டும். மேலும், பிற்பாடு நேரும் தீங்குக்குக் கம்பெனி பொறுப்பல்லவென்று நோயாளி எழுதிக் கொடுக்கவும் வேண்டும். உயிர் ஊசலாடும் நிலையில், வேறு கதியற்றவன் போடும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரிடுவது எந்தச் சட்ட நூலின் தர்மம்?

சம்மதப் பத்திரங்களின் பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலீஷில் எழுதி, வரிக்கு வரி மொழிபெயர்த்து, பல பக்கம் நீளும் தஸ்தாவேஜைப் படித்துத் தேறிய வக்கீலுக்கே மயக்கம் உண்டாகும். “ஐயா, இந்த மருந்து பலிக்குமா என்று எங்களுக்கே இன்னும் தெரியாது, அதை அறியவே இதைச் செய்கிறோம், நீங்கள் மறுத்தாலும் உங்களுக்கு வழக்கமான வைத்தியம் குறையாது” என்று மூன்று வாக்கியத்தில் நல்ல தமிழில் சொல்ல முடியாதா? நோயாளி அஞ்சுவது மூன்றாவது வாக்கியத்தைப் பற்றியே. டாக்டர் கேட்டதை மறுத்தால் கட்டிலை இழப்போமோ என்ற பயம் இருக்கும் வரை, கைரேகைக்கு மதிப்பில்லை.

செய்ய வேண்டியவை

நமது கோரிக்கைகள் அதிகமல்ல. சம்மதத்தைத் தாய்பாஷையில், நோயாளியின் உறவினர் முன்னிலையில், அவனுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியரல்லாத மற்றொருவர் விளக்கிப் பெற வேண்டும். பரிசோதனைகளைப் பதிவு செய்வதற்காக 2007-ல் ஏற்பட்டு 2009 முதல் கட்டாயமாக்கப்பட்ட ரிஜிஸ்தரில், ஆரம்பத்தைப் பதிவு செய்வதோடு நில்லாமல் முடிவையும் குறித்த காலத்திற்குள் பதிவு செய்யாதவர்களுக்கு மறு அனுமதி கொடுக்கக் கூடாது. தோல்வியுற்ற மருந்தின் கணக்கை மறைப்பது, அதே தோல்வியை இன்னொரு நோயாளியின் உடம்பில் மறுபடி நடத்துவதற்குச் சமானம். முடிவு வெளியான பிறகு இத்தனை நாளைக்குள் சிகிச்சை விதிகளைத் திருத்த வேண்டுமென்று ஒரு கெடு வேண்டும். பிளாஸ்மாவின் ஏழு மாதம் மீண்டும் வரக்கூடாது. ஏழைகளின் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொதுப் பணம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஏனெனில் உப்புக்கும் சர்க்கரைக்கும், அரிசிக்கும் பருப்புக்கும் லாபம் கருதிப் பரிசோதனை நடத்த எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை.

நமது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிடம் வேண்டுமென்று கிளர்ச்சி செய்கிறோம். டாக்டர் வரவில்லையென்று மனுக் கொடுக்கிறோம். அது சரியே. அத்துடன், நம் ஜில்லாவில் க்ஷயரோகிகளின் வீட்டாரில் எத்தனை பேருக்கு உணவு போய்ச் சேர்ந்தது, வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளில் எத்தனை பேருக்குக் கரைசல் கொடுக்கப்பட்டது என்ற கணக்கையும் கேட்கப் பழக வேண்டும். கணக்குக் கேட்கும் ஜனங்களுக்கே கணக்குக் காட்டும் ஸர்க்கார் வாய்க்கும்.

1956-ல் சென்னைக் குடிசையில் மருந்து சாப்பிட்டவனும், 1971-ல் பன்காவில் தன் குழந்தைக்குக் கிண்ணத்தில் உப்பு நீர் ஊட்டிய தாயும், 2020-ல் முடிவு தெரியாமலே சீட்டுக்கு உடன்பட்டவனும் உலகத்தின் அறிவை வளர்த்தவர்கள். அவர்கள் கேட்டு வாங்காத கூலி இன்னும் நம்மிடம் நிற்கிறது. அதைத் தானமென்று எண்ணாமல் கடனென்று எண்ணித் தீர்ப்பதே சுதந்திர தேசத்திற்கு அழகாகும்.